வாடகைக்குப் பதிலாக

இரண்டு மாத பாக்கி வைத்துவிட்டு
எஸ்கில் காணாமல் போனான்.
சாவி மிதியடிக்குக் கீழே இருந்தது.
உள்ளே ஒரு கண்ணாடித் தொட்டி, மூன்று தேரைகள்,
ஒரு டப்பா கால்சியம் பொடி,
மின்ரசீதின் முதுகில் பென்சில் குறிப்பு:
வாரம் மூன்று தடவை.
அசைந்தால்தான் தின்னும்.

விற்றுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.
ஜனவரி மாதத்து ஔலுவில்,
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்து நான்கில்,
தேரை வாங்க யார் கதவைத் தட்டுவார்?
எனவே பெயர் வைத்தேன்:
நவம்பர், டிசம்பர்,
மூன்றாவதற்கு மின்கட்டணம்.

முதுகு பாசி பிடித்த கல்.
கண்ணாடியில் ஏறும்போதுதான் வயிறு தெரியும்,
பழுத்த மிளகாய்மேல் கரி சிந்தியதுபோல.
வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு என்பார்கள்;
இவை நிஜமாகவே கட்டிக்கொண்டு
பகலெல்லாம் அசையாமல் கிடந்தன.
கவலைப்பட்டது நான்.

சுவர்க்கோழிகள் தபாலில் வந்தன.
பாதி வழியிலேயே விறைத்திருந்தன.
செத்த ஒன்றை இடுக்கியில் பிடித்து
நடக்க வைத்தேன், ஓட வைத்தேன்,
ஒரு தடவை தும்மக்கூட வைத்தேன்.
நவம்பர் ஏமாந்தது.
டிசம்பர் பூச்சியை விட்டுவிட்டு
என்னைப் பார்த்தது.

உயிரோடு மிஞ்சியவற்றுக்கு காரட் துருவல்.
தீனி நாளில் பத்து நிமிடம் குளிர்பெட்டியில்,
ஊறிய மத்தி மீன் போத்தலுக்குப் பக்கத்தில்;
குளிர்ந்தால் துள்ளாது.
பிறகு பையில் பொடியோடு போட்டு ஒரு குலுக்கல்.
மாவு மில்லில் வேலை முடிந்து வருகிறவர்களைப்போல
வெள்ளை வெள்ளையாய் வெளியே வரும்.
வருகிற இடம்தான் வீடில்லை.

இந்தத் தேரைகளுக்கு நாக்கை வீசத் தெரியாது.
வாயோடு சேர்ந்து உடம்பே பாயும்.
பாதி நேரம் குறி தப்பி
மின்கட்டணத்தின் காலைக் கவ்வும்.
கிடைத்துவிட்டாலோ
கல்யாணப் பந்தியில் கடைசி வரிசைபோல்
இரண்டு கையாலும் உள்ளே தள்ளும்.
விழுங்கும்போது கண்கள் தலைக்குள் இறங்கும்.
அந்த ஒரு நொடி
அதற்கும் எதுவும் தெரியாது.

பிப்ரவரியில் கீழ்வீட்டு ராகெல் வந்தாள்,
இரவு உடுப்போடு, தலை கலைந்து.
"மூன்று நாளாய்த் தூக்கமில்லை, துய்யா.
உன் பூச்சிகளை என்னவாவது செய்."
என்ன பூச்சி, என்ன சத்தம்?
வீடு நிசப்தமாகத்தானே இருக்கிறது என்றேன்.
அவள் என்னைப் பார்த்த விதம்
டிசம்பரின் பார்வை.

நான் காதுக்கருவி பழுதுபார்ப்பவள்.
இருபத்தாறு வருடமாக
மற்றவர்களிடம் கேட்ட கேள்வியை
அன்று கடை மூடியபின்
எனக்கே போட்டுப் பார்த்தேன்.
காகிதத்தில் கோடு நேராகப் போனது,
போனது,
பிறகு மாடிப்படியில் கால் தவறியவன்போல இறங்கியது.
சுவர்க்கோழி பாடுவது
சரியாக அந்தப் படியில்.

விற்காமல் கிடந்த மாதிரிக் கருவியை மாட்டிக்கொண்டு
வீட்டுக்கு நடந்தேன். பனி மிதிபடும் ஓசையே
வேறு யாரோ பின்தொடர்வதுபோல்.
கதவைத் திறந்தால்
அட, எவ்வளவு கூச்சல்!
தின்னப்படாமல் மிஞ்சியவை வளர்ந்து
சிறகு முளைத்து
பெட்டிக்குள் பெண் தேடிக்கொண்டிருந்தன.

பெட்டியை ராகெலுக்கு எட்டாத குளியலறைக்கு மாற்றினேன்.
ஒன்று மட்டும் ஏற்கெனவே தொட்டிக்குள்ளே,
தக்கைப்பட்டைக்கு அடியில் பதுங்கியிருந்தது.
மூன்று இரவு அங்கிருந்தே பாடிற்று,
தன்னைச் சாப்பிடப்போகிறவர்களின் தலைமாட்டில்.
நான் கருவியோடு தூங்கினேன்.
கூடாது என்று எல்லோரிடமும் சொல்கிறவள் நான்.

சனிக்கிழமை, பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது
பாட்டு நடுவில் நின்றது.
ஈரக் கையோடு போய்ப் பார்த்தேன்.
டிசம்பர்.
வாயோரம் ஒரு பின்னங்கால்,
கண்கள் உள்ளே இறங்கியிருந்தன.

பாட்டரி தீர்ந்ததோ என்று
ஒரு தடவை தட்டிப் பார்த்தேன்.
குழாய் சொட்டுவது கேட்டது.